போல்ட்டில் இருந்த துளை

"பாப்பா, உனக்குத்தான் ஸ்கூட்டர் ரிப்பேர் தெரியுமே, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றார் அண்ணன்.

அவர் காட்டியது ஸ்கூட்டர் அல்ல. பனியை வாரித் தூர எறியும் இயந்திரம். முன்னால் கழுதை நுழையும் அளவுக்கு ஒரு வாய், அதற்குள் திருகு போல முறுக்கிய இரும்பு அலகுகள், மேலே பனியைத் துப்பும் வளைந்த புகைபோக்கி மாதிரி ஒரு குழாய், பின்னால் எட்டு குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின். வயது நாற்பது. சிவப்பு பெயின்ட் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது.

இடம் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடி, பஃபலோவுக்குத் தெற்கே ஒரு புறநகர். நாள் 2024 ஜனவரி 11, வியாழக்கிழமை. தில்லி ஆபீசில் மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். சனிக்கிழமையிலிருந்து ஏரிப் பனி கொட்டும் என்று வானிலை இலாகா எச்சரித்திருந்தது.

ஏரிப் பனி அந்த வட்டாரத்தின் தலையெழுத்து. குளிர்காற்று, இன்னும் உறையாத ஈரி ஏரியின் மேல் நீளவாக்கில் ஓடி வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரை ஏறியதும் ஒரு குறுகிய பட்டையாக அதைக் கொட்டித் தீர்க்கிறது. பட்டைக்குள் இருக்கும் தெருவில் இடுப்பளவு பனி இருக்கும். பத்து கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும். 2022 நவம்பரில் ஆர்ச்சர்ட் பார்க் பகுதியில் நாலே நாளில் சுமார் 80 அங்குலம் பெய்தது. அடுத்த மாதம் கிறிஸ்துமஸை ஒட்டி வந்த பனிப்புயலில் பஃபலோ வட்டாரத்தில் 47 பேர் இறந்தார்கள். காருக்குள் சிக்கியவர்கள், வீட்டில் ஹீட்டர் நின்றுபோனவர்கள், ஆம்புலன்ஸ் வந்து சேராதவர்கள். வாசலில் பனி அள்ளும்போது மாரடைத்து விழுந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

இந்தக் கடைசி வகைதான் எங்கள் வீட்டுக் கவலை. அண்ணனுக்கு 58 வயது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் சொல்லிவிட்டார், இனி பனி அள்ளும் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்று. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு கைகளால் பாரம் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் பலவீனமான இதயம் தாங்குவதில்லை.

"இவர் சரி சரின்னு தலையாட்டுவார். நான் தூங்கினப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவார். போன மாசமே ஒருநாள் பிடிச்சேன்" என்றார் மதினி.

ஆகவே இயந்திரம் ஓடியாக வேண்டும். ஆனால் அது ஓட மறுத்தது. சோக்கை முழுசாக இழுத்துவிட்டுக் கயிற்றை இழுத்தால் கிளம்பியது. சோக்கைப் பாதி தள்ளியதும் வேகம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. தூளியில் ஆடுவது போல ஒரு ஓசை. சோக்கை முழுக்கத் தள்ளினால் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று.

ரிப்பேர் கடைக்குப் போன் செய்தோம். பருவத்தின் நடுவில் ஊரே வரிசையில் நிற்கிறது, மூன்று வாரம் ஆகும் என்றார்கள். புது கார்பரேட்டரைத் தபாலில் வரவழைத்தால் 25 டாலர்தான், ஆனால் அடுத்த வாரம்தான் வரும். பனியோ சனிக்கிழமை வருகிறது.

என் ஸ்கூட்டர் ஞானம் பற்றி ஒரு வார்த்தை. தில்லி ஆர்.கே. புரத்தில் நாங்கள் குடியிருந்தபோது அப்பாவிடம் ஒரு சேடக் இருந்தது. அதை சர்வீசுக்கு விட்டால் மெக்கானிக்கின் பக்கத்தில் ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அவர் கார்பரேட்டரைக் கழற்றி, பழைய க்ளட்ச் கேபிளிலிருந்து ஒற்றை இழையை உருவி ஜெட்டில் குத்தி, வாயால் ஊதி, மறுபடி மாட்டிவிடுவார். பத்து நிமிஷ வேலை. போகப் போக ஸ்க்ரூ டிரைவரை என் கையிலும் கொடுத்தார்.

பிறகு தமிழில் எம்.ஏ. முடித்து மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தேன். வந்த புதிதில் ஒரு கட்டுரையில் கார்பரேட்டரை 'எரிகலவையாக்கி' என்று எழுதினேன். மூத்த ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "வண்டி நின்னுபோனா மெக்கானிக்கிட்ட இந்த வார்த்தையைச் சொல்லிப் பாரும்மா" என்றார். அன்றிலிருந்து நான் கார்பரேட்டர் என்றே எழுதுகிறேன். ஆனால் அந்தச் சொல்லைச் செய்வதற்காக அரை நாள் உட்கார்ந்ததில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பது மனதில் பதிந்துவிட்டது. அதை நான் நஷ்டமாக நினைப்பதில்லை.

என்ன செய்கிறது? கொசு மருந்து அடிக்கும் பழைய கை பம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றை வேகமாகத் தள்ளினால், கீழே டப்பாவில் இருக்கும் மருந்து மெல்லிய குழாய் வழியாக மேலே ஏறிப் புகையாகச் சிதறுகிறது. கார்பரேட்டரும் அதே தத்துவம்தான். எஞ்சின் உறிஞ்சும் காற்று நடுவில் இடுப்பு சிறுத்த ஒரு குழாய் வழியே போகிறது. இடுப்பில் காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம், கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஜெட் என்ற நுண்துளை வழியே இழுத்துத் தூவுகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று. ஹங்கேரியில் பாங்கி, சோன்கா என்ற இருவர் இத்தகைய கருவிக்கு 1893-ல் காப்புரிமை பெற்றார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி வாயால் ஊதிப் பூக்களுக்குத் தண்ணீர் தூவியதைப் பார்த்து அவர்களுக்கு அந்த யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு.

கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஒரு மிதவை. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து மிதந்து குழாயை அடைக்கிறதே, அதே ஏற்பாடு. மிதவை மேலே வந்தால் ஒரு ஊசி பெட்ரோல் வரும் வழியை அடைக்கும்.

இவ்வளவு தெரிந்தால் நோயைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. சோக் என்பது காற்றை மறைக்கும் தகடு. அதை மூடினால் காற்று குறைந்து பெட்ரோலின் விகிதம் கூடுகிறது. மூடியிருக்கும்போது ஓடுகிற எஞ்சின் திறந்ததும் சாகிறது என்றால், குறைவது பெட்ரோல். பொறி சரியாக இருக்கிறது, எஞ்சின் அமுக்கம் சரியாக இருக்கிறது. பெட்ரோல் வரும் பாதையில் எங்கேயோ அடைப்பு.

"எனக்கு ரெண்டு இடத்துல அடைப்பு. இதுக்கு எத்தனையோ" என்றார் அண்ணன். மதினி சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கராஜ் கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். குளிர் உள்ளே வந்தது. வேறு வழியில்லை. பெட்ரோல் ஆவியோடு மூடிய இடத்தில் வேலை செய்யக் கூடாது. வீட்டுக்குள்ளோ நிலவறையில் தண்ணீர் காய்ச்சும் காஸ் அடுப்பில் சதா ஒரு சின்னச் சுடர் எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் நனைந்த எதையும் உள்ளே கொண்டுபோகவே கூடாது. எஞ்சினை மூடிய கராஜில் ஓடவிட்டால் அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

ப்ளக் ஒயரைப் பிடுங்கிவிட்டு, டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை இடுக்கியால் நசுக்கிப் பிடித்து, கார்பரேட்டரை மூடியிருந்த தகரப் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே ஏர் ஃபில்டர் இல்லை. யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். பனி இயந்திரங்களில் அதை வைப்பதே இல்லையாம். பனிக்காலத்தில் தூசி கிடையாது. ஃபில்டர் வைத்தால் பனி அதில் ஒட்டி உறைந்து மூச்சை அடைத்துவிடும்.

இரண்டு நட்டுகள், ஒரு கம்பி, ஒரு ஸ்பிரிங். கழற்றியதும் கார்பரேட்டர் கையோடு வந்தது. கம்பியும் ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருந்தன என்று ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்ளவில்லை. இதை நினைவில் வையுங்கள். இதற்கான தண்டனை பின்னால் வருகிறது.

கிண்ணத்தைத் திறந்தால் பெட்ரோல் வாசனை இல்லை. பழைய வார்னிஷ் வாசனை. அடியில் பழுப்பு நிறப் பிசின், ஓரத்தில் வெள்ளைப் பொடி, நடுவில் பாதரசம் போல உருளும் இரண்டு சொட்டுத் தண்ணீர். இயந்திரத்தைப் போன ஏப்ரலில் பெட்ரோலோடு அப்படியே மூடி வைத்திருக்கிறார்கள். ஒன்பது மாதத்தில் பெட்ரோலின் லேசான பகுதிகள் ஆவியாகிப் போகின்றன, கனமான மிச்சம் பிசினாகிறது. அமெரிக்கப் பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கி, உலோகத்தை அரிக்கும்.

கார்பரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயால் எல்லாத் துளைகளையும் கழுவினேன். ஊசியைத் துடைத்தேன். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே திரவம் சலசலக்கவில்லை, ஓட்டை இல்லை. மாட்டி இழுத்தேன். கிளம்பியது. அதே தூளி ஆட்டம். மறுபடி கழற்றி, மறுபடி கழுவி, மறுபடி மாட்டினேன். அதே ஆட்டம். மதியம் மூன்று மணி. வெளியே வானம் ஈயம் போலக் கறுத்துக்கொண்டு வந்தது. "விடு பாப்பா, நான் மெதுவா அள்ளிக்கிறேன்" என்று அண்ணன் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது போலத் தோன்றியது. மண்வெட்டிக்கு அனுமதி கிடைத்துவிட்ட சந்தோஷம்.

அப்போதுதான் அடுத்த வீட்டுப் பெரியவர் வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்தார். 84 வயது. லாக்கவானா எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். 1983-ல் அங்கே எஃகு உற்பத்தி நின்றபோது வேலை போனவர்களில் ஒருவர். அந்தக் குளிர்காலத்தில் கையிலிருந்த பணத்தில் இந்த இயந்திரத்தை வாங்கி, வீடு வீடாகப் பனி அள்ளிக் குடும்பத்தை நடத்தியிருக்கிறார். முழங்கால் மடங்காமல் போன பிறகு, மூன்று வருஷத்துக்கு முன் அண்ணனிடம் கொடுத்துவிட்டார். எஞ்சின் ஆடும் ஓசை அவர் வீட்டு ஜன்னல் வரை கேட்டிருக்கிறது.

"கிண்ணத்தைக் கழுவினாயா?"

"இரண்டு முறை."

"போல்ட்டை?"

எனக்குப் புரியவில்லை. கிண்ணத்தை அடியிலிருந்து பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்துக் காட்டச் சொன்னார். துணியில் துடைத்து ஒரு ஓரமாக வைத்திருந்தேன். "இதுதான் ஜெட்" என்றார்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த போல்ட்டின் உடம்பு பொள்ளல். பக்கவாட்டில் ஒரு துளை, அது திறந்திருந்தது. அதற்கு மேலே, மரைக்குப் பக்கத்துப் பள்ளத்தில், குண்டூசி முனையை விடச் சிறிய இன்னொரு துளை. அதைத் துளை என்றே சொல்ல முடியாது, ஒரு புள்ளி. பிசினால் முழுக்க மூடியிருந்தது. எஞ்சின் பாரமில்லாமல் ஓடும்போது அதற்கு வேண்டிய பெட்ரோல் அந்தப் புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். நான் கார்பரேட்டர் முழுவதையும் கழுவிவிட்டு, அதைப் பிடித்து வைத்திருந்த சாதாரண போல்ட் என்று நினைத்ததைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

எஃகுக் கம்பி துளையை அகலப்படுத்திவிடும் என்றார் பெரியவர். அகன்றால் கணக்குத் தப்பிவிடும். பழைய மேஜை விளக்கின் ஒயரை வெட்டி, ஒரே ஒரு தாமிர இழையை உருவிக் கொடுத்தார். எனக்கு ஆர்.கே. புரம் ஞாபகம் வந்தது. இழையைப் புள்ளியில் செருகி முன்னும் பின்னும் மெதுவாக இழுத்து, ஸ்ப்ரே அடித்து, பல்பின் முன் பிடித்தேன். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நான் படம் வரையாததால் முடியவில்லை.

மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. அடுத்த கணம் அலற ஆரம்பித்தது. இயந்திரம் முழுவதும் உதறிக்கொண்டு, ஓசை மேலே மேலே ஏறியது. இந்த மாதிரி எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 3,600 சுற்றுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் உள்ளே இருக்கும் அலுமினிய இணைப்புத் தண்டு முறிந்து, எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வேக நெம்புகோலில் ஒரு முனையில் முயல் படமும் மறுமுனையில் ஆமை படமும் இருக்கும். ஆமைக்குத் தள்ளினேன். அலறல் குறையவே இல்லை. பெரியவர் கையை வெட்டுவது போல ஆட்டினார். சாவியைப் பிடுங்கினேன். நின்றது. என் கை நடுங்கியது.

ஆமைக்குத் தள்ளியும் ஏன் குறையவில்லை என்பதைப் பெரியவர் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கினார். அதுவரை நான் நினைத்திருந்தது தவறு. ஸ்கூட்டரில் கைப்பிடியைத் திருகினால் கேபிள் நேராகப் போய் த்ராட்டிலைத் திறக்கும். இங்கே நெம்புகோலுக்கும் த்ராட்டில் தகட்டுக்கும் நேர் சம்பந்தம் இல்லை. நெம்புகோல் ஒரு ஸ்பிரிங்கை இழுக்கிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் தகட்டைத் திறக்கப் பார்க்கும். எஞ்சினுக்குள்ளே சுழலும் சின்ன எடைகள், வேகம் கூடக் கூட வெளிப்பக்கம் விரிந்து, ஒரு கம்பி மூலமாக அதே தகட்டை மூடப் பார்க்கும். இந்த இழுபறியில் தகடு எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். எடைகளும் கம்பியும் சேர்ந்த அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் கவர்னர். மாநிலங்களுக்கு நியமிக்கப்படுகிற கவர்னர் அல்ல, இது ஓயாமல் வேலை செய்கிற கவர்னர்.

கனத்த பனிக்குள் இயந்திரம் நுழைந்தால் வேகம் தளரும். உடனே எடைகள் சுருங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், தகடு திறக்கும், எஞ்சின் உறுமிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். யாரும் நெம்புகோலைத் தொட வேண்டியதில்லை. 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குப் பொருத்திய ஏற்பாட்டின் வாரிசு இது. இத்தகைய கவர்னர்கள் சில சமயம் நிலைக்கு வராமல் ஏன் ஊசலாடுகின்றன என்பதைக் கணக்குப் போட்டு 1868-ல் ஒரு கட்டுரை எழுதினார் மாக்ஸ்வெல், மின்காந்தச் சமன்பாடுகளைத் தந்த அதே மாக்ஸ்வெல்.

எங்கள் எஞ்சினின் தூளி ஆட்டத்துக்கும் விளக்கம் இதிலேயே இருந்தது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் தளர்கிறது. கவர்னர் விட்டுக்கொடுத்துத் தகடு திறக்கிறது. எஞ்சின் பிடித்துக்கொண்டு வேகம் ஏறுகிறது. கவர்னர் மூடுகிறது. மறுபடி தளர்கிறது. கண்ணுக்குத் தெரிவது த்ராட்டில் ஆடுவது. எனவே பலர் ஸ்பிரிங்கைக் குறை சொல்லி அதை முறுக்குவார்கள், வளைப்பார்கள், வெட்டுவார்கள். நானே மதியம் அந்த எண்ணத்தில் குறடு தேடினேன். ஸ்பிரிங்கில் ஒரு பழுதும் இல்லை. போல்ட்டில் இருந்த அடைப்பை அது தன்னால் முடிந்தவரை சமாளித்துக்கொண்டிருந்தது.

"எஞ்சின் நிற்கும்போது தகடு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். கம்பியைக் கையால் தள்ளினால் மூட வேண்டும். இதைப் பார்க்காமல் கயிற்றை இழுக்கக் கூடாது" என்றார் பெரியவர். நான் கம்பியைத் தள்ளிப் பார்த்தேன். தகடு மூடவில்லை. கம்பி போக வேண்டிய துளையில் ஸ்பிரிங்கையும், ஸ்பிரிங் போக வேண்டிய துளையில் கம்பியையும் மாட்டியிருந்தேன். அந்தத் தகரத் துண்டில் நாலு துளைகள். எது யாருக்கு? என்னிடம் படமில்லை. பெரியவருக்கும் நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஞாபகமில்லை.

அவர் டார்ச்சை வாங்கித் துளைகளின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். இரண்டு துளைகள் துருப்பிடித்து மங்கிக் கிடந்தன. இரண்டு பளபளத்தன. அதிலும் ஒன்று ஒரே பக்கமாகத் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. நாற்பது குளிர்காலம் ஸ்பிரிங் அதே திசையில் இழுத்த தேய்மானம். மற்றது கம்பியின் இடம். மூலப் பிரதியைத் தொலைத்துவிட்ட மொழிபெயர்ப்பாளருக்கு மூலமே பக்கத்தில் வந்து நின்று வாசித்துக் காட்டியது போல இருந்தது. கடையில் மெக்கானிக்குகள் சுற்று எண்ணும் மீட்டர் வைத்துச் சரிபார்ப்பார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டு, "போதும்" என்றார். எஞ்சின் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. முயலுக்குத் தள்ளினால் ஏறியது, ஆமைக்குத் தள்ளினால் இறங்கியது.

சனிக்கிழமை காற்று வந்தது. கூடவே பனி வந்தது. அன்றிரவு வாகனங்கள் ஓடக் கூடாது என்று கவுண்டி நிர்வாகம் தடை போட்டது. ஆர்ச்சர்ட் பார்க் ஸ்டேடியத்தில் ஞாயிறு நடக்கவிருந்த ஃபுட்பால் ஆட்டம் திங்களுக்குத் தள்ளிப்போயிற்று. பனி அள்ள வருகிறவர்களுக்கு மணிக்கு 20 டாலர் என்று அறிவித்தார்கள். எங்கள் வாசலில் முழங்காலுக்கு மேல் பனி. தெருவைச் சுத்தம் செய்கிற லாரி ஒதுக்கிவிட்டுப் போன பனி வாசல் முனையில் மதில் போல இறுகி நின்றது. மண்வெட்டிக்காரர்களின் நெஞ்சைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் அந்த மதில்தான்.

காற்று தணிந்ததும் அண்ணன் இயந்திரத்தின் பின்னால் நடந்தார். அது தன் சக்கரத்திலேயே நகரும். பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். வாய் அடைத்துக்கொண்டபோது எஞ்சினை நிறுத்திவிட்டுக் கட்டையால் குத்தித் தள்ளினார். அந்த வாயில் கையை விட்டு விரலை இழந்தவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். எங்கள் வாசல், பிறகு பெரியவர் வீட்டு வாசல், பிறகு தெருமுனைத் தீயணைப்புக் குழாயைச் சுற்றி. மதில் வந்தபோது எஞ்சின் தானாக உறுமியது. பெரியவர் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மதினி கராஜ் ஆணியில் தொங்கிய மண்வெட்டியை எடுத்துப் போய் நிலவறையில் வைத்துப் பூட்டினார்.

தபாலில் சொல்லியிருந்த புது கார்பரேட்டர் அடுத்த வாரம் வந்து சேர்ந்தது. 25 டாலர்தான். எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. கணக்குப் பார்க்கிறவர்கள் புதுசையே மாட்டியிருப்பார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் பெட்ரோலோடு மூடி வைத்தால் புதுசும் அடுத்த ஜனவரியில் அடைத்துக்கொள்ளும். அந்த போல்ட் எதற்கு என்பதும், ஸ்பிரிங்கின் துளை எது என்பதும் அந்தப் பெட்டியில் வருவதில்லை. அண்ணன் பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைத்தார்.

நம் ஊரில் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது புது இருசக்கர வண்டிகளிலிருந்து கார்பரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. ஆனாலும் பழைய ஸ்கூட்டர், கடை வாசல் ஜெனரேட்டர், வயலில் மருந்து தெளிக்கும் பவர் ஸ்ப்ரேயர், சின்ன பெட்ரோல் பம்ப்செட் என்று பலவற்றில் அது உயிரோடு இருக்கிறது. 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கிய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அமெரிக்காவில் என்னை ஒன்றரை நாள் அலைக்கழித்தது அதில் பாதி அளவுதான். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். ஐந்து நிமிஷம் ஆகும்.

அந்த ஏப்ரலில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அண்ணன் போன் செய்தார். அங்கே பகல். நேரம் கெட்ட நேரத்தில் வந்த போன் என்று நெஞ்சு ஒரு கணம் திக்கென்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. போனை கராஜில் எங்கோ வைத்திருந்தார் போல. எஞ்சின் சீராக ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சில நிமிஷங்கள் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு அது ஒருமுறை வேகம் எடுத்து, ஒருமுறை தளர்ந்து, இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது.

"குழாயை மூடிட்டேன் பாப்பா. கிண்ணம் காலி" என்றார்.